வடாம் காயும் வெயில்

ரெடிங்கில் எங்கள் வீட்டுத் தோட்டம் ஒரு கைக்குட்டை அகலம்தான். ஜூனில் வந்த அம்மா, அங்கே மடக்குமேசையில் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்தாள். பத்து மணிக்குச் சுள்ளென்று வெயில். பத்தேகாலுக்குத் தூறல். ஆளுக்கொரு பக்கம் பிடித்து மேசையோடு உள்ளே ஓடினோம். பத்தரைக்கு மறுபடி வெயில்.

"என்னடா இது, கண்ணாமூச்சி ஆடுது?"

அட்லாண்டிக்கிலிருந்து ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும், மேகம் ஓரிடத்தில் நிற்காது என்றேன்.

"மணி பன்னிரண்டு ஆச்சு, உச்சி வெயில் எங்கே?"

கோடையில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைத்துவிடுவார்கள்; உச்சிப்பொழுதே ஒரு மணிக்குத்தான். அப்போதும் நிழல் காலடிக்குள் அடங்காது. 51 டிகிரி வடக்கில் சூரியன் தலைக்கு மேலே வருவதே இல்லை.

ராத்திரி ஒன்பது மணி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது, "இங்கேயே இருந்துடேன்மா" என்றேன். அப்பா போனபின் தஞ்சாவூரில் அவள் தனியாக இருக்கிறாள். வருகையாளர் விசா ஆறு மாதம்தான். அதற்குமேல் இங்கே வைத்துக்கொள்வது லேசில் நடக்காது. தெரிந்தும் கேட்டேன்.

"டிசம்பர்ல எத்தனை மணிக்கு இருட்டும்?"

"நாலு மணிக்கு."

"வெயில் இல்லாம நீ எப்படிடா இருக்கே?"

வைட்டமின் டி மாத்திரை விழுங்குவதைச் சொல்லவில்லை.

நவம்பரில் ஒரு சாயங்காலம் அந்த வடாமைப் பொரித்தேன். நடுவில் சரியாகக் காயாமல் கல்லாக இருந்தது. போனில் அம்மா, "நல்லாப் பொரிஞ்சுதா?" என்றாள்.

"பூ மாதிரிம்மா" என்றேன்.