கோணேசர் கல்லில் எழுந்த கோட்டை

திருகோணமலைப் பிரடெரிக் கோட்டையின் வாயிலைக் கடப்பவர்களில் பெரும்பாலோர் மேலே கோணேசர் கோயிலுக்கு விரைபவர்கள். வாயிற்கல்லில் உள்ள இரட்டைக் கயலை நின்று பார்ப்பவர் குறைவு. பாண்டியர் சின்னமான அந்த மீன்களும் பக்கத்தில் சிதைந்திருக்கும் தமிழ் எழுத்துகளும் கோட்டைக்கென்று செதுக்கியவை அல்ல. இடித்த கோயிலின் கற்களைக் கொண்டு 1624 வாக்கில் இங்கே கோட்டை எழுப்பியவர் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா.

கோயில் இடிந்தது 1622 சித்திரை வருடப்பிறப்பன்று என்பது மரபு. சுவாமி ஊர்வலமாக நகருக்குள் இறங்கிய நேரம் பார்த்து, பிராமண வேடமிட்ட சிப்பாய்கள் மலைமேல் நுழைந்தார்களாம். துப்பாக்கி வைத்திருந்தவனுக்குப் பூணூல் எதற்கு என்று எனக்குத் தோன்றும். வேடம் எப்படியோ, கோயில் போனது உண்மை. கோயில் இருந்த சுவாமி மலையில் மூன்று கோயில்கள் இருந்ததாகப் போர்த்துக்கேயப் பாதிரியார் குவேரோஸ் எழுதிவைத்தார்.

மதவெறி மட்டும் இதற்குக் காரணமல்ல. தரங்கம்பாடியில் கோட்டை போட்ட டேனியர், 1620இல் ஓவே கெட்டே தலைமையில் இந்தத் துறைமுகத்துக்கும் வந்தார்கள். கண்டி அரசன் செனரத்தோடு பேசி இங்கேயும் கோட்டை வேலையைத் தொடங்கிப் பார்த்தார்கள். அவர்கள் போய்விட்டாலும் டி சாவுக்கு ஒன்று புரிந்தது: கண்டிக்குக் கடல்வழி திறந்திருக்கும்வரை இன்னொரு ஐரோப்பியன் வந்துகொண்டே இருப்பான். முதலில் திருகோணமலையை அடைத்தார். 1628இல் மட்டக்களப்புப் புளியந்தீவையும் அடைத்தார்.

இத்தனை கணக்காகக் காய் நகர்த்தியவர் செத்த விதம்தான் விசித்திரம். போர்த்தொழிலை விட்டு வியாபாரம் பார்க்கிறார் என்று கோவாவிலிருந்த வைஸ்ராய் குத்திக் கடிதம் எழுதினார் என்றும், அந்தச் சூட்டில்தான் 1630இல் ஊவா மலைநாட்டுக்குள் படையோடு புகுந்தார் என்றும் போர்த்துக்கேயர் சொல்வார்கள். பதுளையைச் சூறையாடித் திரும்பும் வழியில், வெல்லவாயவுக்கு அருகே ரந்தெனிவெலவில் கண்டிப் படை வளைத்துக்கொண்டது. டி சா மிக நம்பிய கொழும்பு முதலியார்கள் செனரத்தோடு முன்பே பேசிவைத்திருந்தார்கள். அவர்களுடைய லஸ்கரின் என்ற உள்ளூர்ப் படை சண்டை நடுவே எதிர்ப்பக்கம் போய்விட்டது. தளபதி அங்கேயே மடிந்தார். வென்றவர்கள் கொழும்பையே முற்றுகையிட்டார்கள்.

அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் கதை தெரிந்தவர்களுக்கு இது பழகிய கதை போலிருக்கும். பூர்வகுடிகளின் நிலத்துக்குள் புகுந்த கஸ்டர் 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் வீரர்களிடம் மாட்டிக்கொண்டார்; அவரோடு நின்ற இருநூற்றுக்கு மேற்பட்டவர்களில் ஒருவரும் தப்பவில்லை. தோற்றவரை வீரராக்கியவர் அவர் மனைவி எலிசபெத். அரை நூற்றாண்டுக்கு மேல் விதவையாக வாழ்ந்து, நூல்கள் எழுதிக் கணவர் பெயரைக் காத்தார். டி சாவுக்கு அந்த வேலையை மகன் செய்தார். 1681இல் லிஸ்பனில் அவர் ஸ்பானிய மொழியில் வெளியிட்ட ‘இலங்கைக் கலகம்’ என்ற நூலில் தகப்பனார் துரோகத்துக்குப் பலியான மாவீரர். கலகம் என்ற தலைப்பிலேயே வழக்கின் தீர்ப்பை எழுதிவிட்டார் மகன். சொந்த நாட்டைக் காத்தவர்கள் அதில் கலகக்காரர்கள்.

திருகோணமலையில் வேறு கதை. பழைய மன்னன் குளக்கோட்டன் கோயிலுக்குச் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான், அவனுக்குப் பின் வேறு வேறு நிறக் கண்ணுடையவர்கள் வந்து ஆள்வார்கள் என்று வாயிற்கல்லில் முன்கூட்டியே எழுதியிருப்பதாக ஊரார் சொல்வார்கள். கல்லில் தேறுவது சில துண்டு எழுத்துகள்தான். முழுப்பாட்டும் மக்கள் வாயில் வாழ்கிறது. நடந்து முடிந்தபின் பிறந்த தீர்க்கதரிசனம் என்றே நான் நினைக்கிறேன். அதனால் அதன் மதிப்பு குறையவில்லை. கோயிலை இழந்த ஊர், அந்த இழப்பைத் தன் ஈசனுக்கு முன்பே தெரிந்த கணக்காக்கிக்கொண்டது. அந்தப் பாட்டில் டி சாவுக்குப் பெயர்கூடக் கிடையாது. வெறும் பறங்கி.

அவர் கட்டிய கோட்டையும் போர்த்துக்கேயர் கையில் நிலைக்கவில்லை. 1639இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பிற்பாடு அவர்களே திருத்திக் கட்டினார்கள். 1795இல் பிரித்தானியர் வந்தார்கள். கோயிலோ மெல்ல மீண்டது. 1950இல் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கிக் கோயில் இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

கோட்டைக்கு மட்டும் இன்னும் யோர்க் கோமகன் பிரடெரிக்கின் பெயர். அந்த இங்கிலாந்து இளவரசர் இந்தக் கரையை மிதித்ததே இல்லை.