நான்காவது அளவு

மருத்துவர் என்றால் அவர் வீட்டுக் கதவு எந்நேரமும் திறந்திருக்க வேண்டும் என்பது நம் ஊர்களில் எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தை என் சித்தப்பா மீறினார். அதனால் அவர்மீது எனக்கு எழுந்த கோபத்தையும், அது தணிந்த விதத்தையும் இம்மலரின் வாயிலாக உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

சித்தப்பாவின் மருத்துவமனை எங்கள் ஊர்க் கடைத்தெருவில் உள்ளது. விடுமுறை நாட்களில் அங்கே டோக்கன் கொடுப்பது என் வேலை. காலை 9 மணிக்குத் தொடங்கினால் கடைசி டோக்கனை அழைக்க இரவு 11 மணி ஆகிவிடும். சில நாட்களில் எண்ணிக்கை நூறைத் தாண்டும். அதை வீட்டுக்கு வந்து பெருமையோடு சொல்வேன். "உங்க சித்தப்பா சாப்பிட்டாராடா?" என்று சித்தி கேட்பார். நான் அதைக் கவனித்ததே இல்லை.

ஒரு மழைநாள் இரவு, காய்ச்சலோடு வந்த இரண்டு வயதுக் குழந்தைக்குச் சித்தப்பா சீட்டு எழுதினார். அதைப் படித்த கம்பவுண்டர் எழுந்து உள்ளே போனார். "ஐயா, இது பெரியவங்க அளவுங்க" என்று மெல்லச் சொன்னார். சித்தப்பா சீட்டை வாங்கிப் பார்த்தார். அவர் கை நடுங்கியது. திருத்தி எழுதிக் கொடுத்தார். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் அடுத்த மாதமே வாசலில் புதிய பலகை தொங்கியது: 'காலை 9 முதல் 1 வரை மட்டும்.'

ஊர் பேசியது. "சம்பாதிச்சது போதும்னு நெனச்சிட்டாரு" என்றார் தேநீர்க் கடைக்காரர். "ராத்திரியில புள்ளைக்கு முடியலேன்னா நாங்க எங்க தம்பி போவோம்?" என்று ஒரு தாய் என்னிடமே கேட்டார். விடை சொல்ல முடியாமல் நின்றேன். அன்று மாலை என் கோபத்தையெல்லாம் சித்தப்பாவிடம் கொட்டினேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அன்னிக்குக் கம்பவுண்டர் பார்த்தாரு. என்னிக்கும் பார்ப்பாரா?"

அந்தக் கேள்வி என்னை நூலகத்துக்கு அனுப்பியது. ரஷ்ய எழுத்தாளர் ஆண்டன் செகாவ் 1884 இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். அதே ஆண்டில் அவருக்கு இருமலில் இரத்தம் கண்டது. பிறர் நோயை அறிந்த அவர் தம் நோயை ஏற்க மறுத்தார். 1892 இல் காலரா அச்சத்தின்போது 25 சிற்றூர்களுக்கு ஊதியமின்றிப் பொறுப்பேற்றார். 1897 இல் இரத்தம் பெருகி மருத்துவமனையில் சேர்ந்த பின்னரே அவருடைய மருத்துவப் பணி பெரும்பாலும் ஓய்ந்தது. 1904 இல், 44 ஆம் வயதில் மறைந்தார்.

எண்ணெய் தீர்ந்த விளக்கைப் போல் பணியாளர் உள்ளம் வற்றிப்போகும் நிலையை, 1974 இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர் எழுதினார். நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் உழைத்து, தாமே அந்நிலையை அனுபவித்தவர் அவர். 2019 இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பில் இதனை விளக்கியது. நோயாக அன்று, பணியிடத்தில் விளையும் நிலையாக.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில், நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் எண்ணி மருத்துவன் செயல்பட வேண்டும் என்கிறார் வள்ளுவர். மருத்துவன் தன் அளவையும் அறிதல் வேண்டும் என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ள எனக்குத் தோன்றுகிறது. தன் அளவை மறந்தவர் கை, மருந்தின் அளவையும் ஒருநாள் மறந்துவிடும் அன்றோ?

அந்தத் தாயின் கேள்வியை நான் மறக்கவில்லை. 108 ஊர்தி வரும். ஆனால் அரசு மருத்துவமனை பக்கத்து நகரில் அல்லவா இருக்கிறது? அவர் கேட்டது நியாயமே. எனினும் ஓர் ஊரின் இரவு முழுவதையும் ஒரே மனிதரின் தூக்கத்தை விலையாகக் கொடுத்து வாங்க முடியாது. முறை வைத்துப் பார்க்க இன்னும் சில மருத்துவர்கள் வேண்டும். அதைக் கேட்க வேண்டியவர்கள் ஊரார் நாம்தான்.

இப்போது நாளொன்றுக்கு 40 டோக்கன் மட்டுமே கொடுக்கிறேன். சித்தப்பா ஒவ்வொருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசுகிறார். பிற்பகலில் வீட்டுக்கு வருகிறார். அவர் சாப்பிட்டாரா என்று சித்தி இப்போது என்னிடம் கேட்பதில்லை.