பெயர் வெட்டிய பாத்திரங்கள்

காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டுச் சமையலறைகள் விற்பனைக்கு வந்து பல காலம் ஆகிறது. விலை பேசும் அவசரத்தில் பலரும் பார்க்கத் தவறுவது, பாத்திரத்தில் வெட்டியிருக்கும் எழுத்துகளை.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு வழி கேட்கும் வெளியூர்க்காரர் சாமி கும்பிட வந்தவராக இருக்க வாய்ப்புக் குறைவு. பழைய சாமான் வாங்க வந்தவர் என்று ஊர்க்காரர்கள் சுலபமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். தெருவில் பழம்பொருள் கடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளே ஒழுங்கு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தேக்குத் தூணுக்குக் கீழே ஊறுகாய் ஜாடிகள். ரவிவர்மா படத்துக்கு முன்னால் இடியாப்ப உரல். பித்தளை அண்டாவுக்குள் பல்லாங்குழி, பல்லாங்குழிக்குள் யாரோ போட்டு வைத்த சாவிகள்.

தேட வந்தவருக்குப் பொறுமை வேண்டும். தூசியைத் தாங்கும் மூக்கும் வேண்டும். அரை மணி நேரம் குனிந்து கிளறினால் ஓர் உலக வரைபடமே கைக்குக் கிடைக்கும். வெள்ளையில் நீல விளிம்பு போட்ட எனாமல் கேரியரைத் திருப்பினால் அடியில் சுவீடன் நாட்டு கோக்கம்ஸ் நிறுவனத்தின் முத்திரை. பக்கத்திலேயே ஜப்பான் தட்டு. மூங்கிலைப் பின்னி அரக்குப் பூசிய பர்மாப் பாத்திரம், எடுத்தால் காகிதம் போலக் கனமின்றி இருக்கிறது.

சிவகங்கைச் சீமையின் வறண்ட மண்ணுக்கு இவை வந்த கதை வட்டிக் கடைகளின் கதை. 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா என்று கடல் கடந்து தொழில் செய்தார்கள். கொண்டுவிற்ற லாபம் ஊரில் அரண்மனை போன்ற வீடுகளாகவும் அவற்றை நிரப்பும் சாமான்களாகவும் மாறியது. 1930களின் மந்தத்தில் கடன் வாங்கிய பர்மிய விவசாயிகளால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியதாயிற்று. நிலம் போனது. ஊரில் சேர்த்து வைத்த பாத்திரங்கள் மிஞ்சின.

அந்தப் பாத்திரங்களில் பெரும்பகுதி பெண்களுடையது. மகளுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான்களைக் கல்யாணத்தின்போது பரப்பி வைத்துக் காட்டுவது செட்டிநாட்டு வழக்கம். வெள்ளியிலிருந்து துடைப்பம் வரை அதில் இருக்கும். மணமான ஒவ்வொரு தம்பதியும் தனிப் 'புள்ளி'. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் அவர்களுக்குத் தனி அறை, தனிச் சமையல். மருமகள் கொண்டுவந்த சாமான் அவளுடைய அறையில், அவளுடைய பூட்டுக்குள் இருந்தது. நான்கு மருமகள்கள் இருந்த வீட்டில் நான்கு சமையலறைகளுக்கான பாத்திரம் சேர்ந்ததில் வியப்பில்லை.

ஒன்றோடு ஒன்று கலந்துவிடாமல் இருக்கத்தான் பெயர் வெட்டினார்கள். குடத்தின் கழுத்திலும் தாம்பாளத்தின் விளிம்பிலும் உளியால் குத்திய எழுத்துகளைப் பார்க்கலாம். சிலவற்றில் முழுப் பெயர். பலவற்றில் புள்ளி வைத்த தலைப்பெழுத்துகள் மட்டும். நகரத்தாரிடம் இதற்கு 'விலாசம்' என்றே பெயர். தந்தை, பாட்டன் என்று தலைமுறைகளை அந்தச் சில எழுத்துகளில் அடக்கிவிடுவார்கள். ரங்கூன் கடையின் பெயர்ப் பலகையில் இருந்த அதே எழுத்துகள், ஊரில் சோறு வடித்த பானையிலும் இருந்தன.

இந்த வழக்கம் செட்டிநாட்டுக்கு மட்டும் உரியதல்ல. தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் சித்தூர், கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலும் பெயர் வெட்டாமல் பாத்திரம் கொடுத்தால் சீர் கொடுத்த திருப்தி பெற்றவர்களுக்கு வராது. பழையதான பிறகுதான் பாதை பிரிகிறது. எங்கள் பக்கம் பித்தளைக் குடம் பாத்திரக் கடைத் தராசில் ஏறும்; எடைக்கு எடை கணக்குப் பார்த்து எவர்சில்வராக வீடு திரும்பும். பெயரோடு சேர்ந்து குடமும் உருகிவிடும். காரைக்குடியில் குடம் பிழைத்துக்கொள்கிறது. நட்சத்திர ஓட்டல் வரவேற்பறையில் பூ வைக்க அது போகும்.

விற்பவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்த வீடுகள் ஒருவருக்குச் சொந்தமானவை அல்ல. பேரன், கொள்ளுப்பேரன் என்று பங்காளிகள் பெருகிச் சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறிவிட்டார்கள். பழுது பார்க்கப் பணம் போட ஒருவர் சம்மதித்தால் இன்னொருவர் மறுக்கிறார். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியல் ஒழுகும் ஓட்டை அடைப்பதில்லை. இடிக்கப்படும் வீட்டின் தூணும் கதவும் வண்டி ஏறும்போது சாமான் அறையும் காலியாகிறது.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெண்கலத்தைத் தட்டினால் கணீரென்று நீண்டு ஒலிக்கும். பித்தளையின் ஒலி சட்டென்று அடங்கும். பித்தளையில் சமைப்பதானால் ஈயம் பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் புளி பட்டுக் களிம்பேறும். எனாமல் உதிர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். பழைய எனாமல் வண்ணங்களில் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கலாம் என்பதால் அவற்றை அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதே நல்லது. தூசி படிந்ததெல்லாம் பழையது என்று நம்ப வேண்டாம். விளிம்பும் பிடியும் கைபட்டுத் தேய்ந்திருக்கின்றனவா என்று தடவிப் பாருங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அயல்நாட்டு உறவினருக்குப் பரிசு வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் பார்த்து வாங்குபவர்கள்கூடக் கேட்காத கேள்வி ஒன்று உண்டு: இது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது? சில இடங்களில் வெட்டிய எழுத்தை ராவித் தேய்த்துவிட்டு வாங்குகிறார்கள், பிறர் பெயர் கண்ணை உறுத்துகிறதாம். சீதனம் மனைவிக்கே முழு உரிமையானது, கணவன் வீட்டார் அதைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் பிரதிபா ராணி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு, கல்யாணப் பரிசுகளைப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று மத்திய அரசு விதி வகுத்தது. சட்டம் காகிதத்தில் கேட்டதை நம் பாட்டிமார் உலோகத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நிலப் பத்திரத்தில் இடம் கிடைக்காத பெண்ணுக்கு, இது என்னுடையது என்று சொல்ல இருந்த ஒரே சாட்சி பல வீடுகளில் அந்தக் குடத்துக் கழுத்துதான்.

அகமதாபாத்தில் விஷாலா உணவு விடுதியை ஒட்டி 1981இல் தொடங்கிய பாத்திர அருங்காட்சியகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் அருங்காட்சியகம் வைக்க முடியாது. வாங்கும்போது ஊர்ப் பெயரைக் கேட்டு, வெட்டிய எழுத்துகளையும் சேர்த்து ஒரு சீட்டில் எழுதிப் பாத்திரத்துக்குள் போட்டு வைக்கலாம். அதற்குச் செலவு ஏதுமில்லை. கடைக்காரருக்கு ஊர் மறந்துபோவதற்கு முன்னால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.