ஹவர் மீட்டர் கணக்கு

செப்டம்பர் 4, 2025, வியாழன்

டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிறது. 22-ஆம் தேதி முதல் அமல். நாங்கள் பேசி வைத்த வண்டியின் விலை வரி சேர்க்காமல் 8 லட்சம். 56,000 ரூபாய் மிச்சம். வாடகை உழவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அதனால் வண்டிக்குக் கட்டும் வரியைத் திரும்ப எடுக்கவும் முடியாது. குறைவது அத்தனையும் எங்கள் கைக்காசு. பொறுத்து வாங்கலாம் என்றான் தம்பி.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆடிட்டரைப் பார்த்தோம். "22-க்கு மேல வாங்குங்கண்ணே. ஆனா அக்டோபர் 3-க்குள்ள வாடகைக்கு இறக்கிடணும்" என்றார். மார்ச் 31-க்குள் 180 நாளாவது பயன்பாட்டில் இருந்தால்தான் 15 சதவீதத் தேய்மானம் முழுதாகக் கிடைக்கும். 8,40,000-க்கு 1,26,000. தாமதித்தால் இந்த ஆண்டு பாதிதான். மீதி பின்வரும் ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும். எங்களுடையது கூட்டு நிறுவனம். முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி என்பதால் இது சின்னத் தொகை இல்லை.

செப்டம்பர் 13, சனி

பழைய வண்டியின் நோட்டைப் புரட்டினேன். சேற்றுக் கைரேகையோடு டிரைவர் எழுதிய வரிகள்: யார் வயல், ஏறும்போது ஹவர் மீட்டரில் எவ்வளவு, இறங்கும்போது எவ்வளவு. மூன்றில் ஒரு பங்கு எங்கள் சொந்த வயலுக்கு ஓடியிருக்கிறது. சொந்த விளைச்சலுக்கு வருமான வரி இல்லை. ஆகவே அந்தப் பங்குக்குக் கழிவும் இல்லை. வாடகைக்கு ஓடிய இரண்டு பங்குக்குத்தான் தேய்மானம், டீசல், டிரைவர் கூலி, கடன் வட்டி எல்லாம். புது வண்டியும் இதே கணக்கில் ஓடினால் 84,000 தேய்மானம் கழியும்.

செப்டம்பர் 26, வெள்ளி

வண்டி வந்துவிட்டது. பில்லில் வரி 40,000. முதல் வேலையாக மீட்டரைப் பார்த்துப் புது நோட்டில் குறித்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், மாலையோடு வண்டி வாசலில் நின்றது. பக்கத்து வயல் மாமா, "விவசாயத்துக்கு ஏதுப்பா வரி, நோட்டு எதுக்கு?" என்றார். "நம்ம வயலுக்கு இல்ல மாமா. அடுத்தவங்க வயல்ல உழுது காசு வாங்கினா அது தொழில்" என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. சம்பா நடவுக்கு முதல் வாடகைச் சேற்றுழவு. வயல்காரர் கையெழுத்தோடு ரசீது போட்டாயிற்று. வசூலில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் சுலப வழியும் உண்டு. அதில் தேய்மானத்தைத் தனியே கழிக்க முடியாது. எது லாபம் என்று மார்ச்சில் முடிவு செய்யலாம். நோட்டு இருந்தால்தான் அந்த முடிவு எங்கள் கையில். டிராக்டரை வாடகைக்கு ஓட்டும் எல்லாரும் இந்த நோட்டை எழுத வேண்டும். சட்டம் தரும் கழிவு நம் உழைப்பின் பங்கு; அதை விடக் கூடாது.