பதிவேறாத பதினாறு மாதங்கள்

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்று ஆசிரியத் தொழிலுக்கு வந்தவன் நான். கணினியோடு ஓரளவு பழக்கம் உண்டு என்ற ஒரே காரணத்தினால், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையில் எனக்கொரு புதிய கடமை வந்து சேர்ந்தது. ஆசிரியர்களின் சேவை விபரங்களைக் கோவைகளிலிருந்து எடுத்து ஒரு மென்பொருளிலே பதிய வேண்டும். இலிகிதர் கோவையைப் புரட்டி வாசிப்பார், நான் பதிவேன். முதல் நியமனம், தரம், சம்பளவேற்றத் திகதி, இடமாற்றம், லீவு என்று ஒருவரின் உத்தியோக வாழ்வு முழுவதும் சில கட்டங்களுக்குள் அடங்கிவிடும்.

யந்திரத்தைக் கண்டு அஞ்சுபவனல்லன் நான். கடதாசிக் கோவைகளின் கதி நாம் அறியாததன்று. கறையான் அரித்தவை ஒருபுறம். யுத்தத்தில் எரிந்தவை மறுபுறம். மேலும், எந்தப் பின்தங்கிய கிராமத்தில் கணித ஆசிரியர் இல்லை, எந்த நகரத்துப் பாடசாலையில் மேலதிகமாக இருக்கிறார் என்பதை ஒழுங்கான பதிவொன்று நொடியிற் காட்டிவிடும். அதை ஒளிவுமறைவின்றிப் பயன்படுத்தினால், செல்வாக்கினாற் பெறும் இடமாற்றங்களுக்கு இடமிராது. ஆகவே உற்சாகத்தோடுதான் வேலையில் இறங்கினேன்.

மூத்த ஆசிரியை ஒருவரின் முறை வந்தது. அவருடைய அடையாள அட்டை, 2016க்கு முற்பட்ட ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய அட்டை. அந்த இலக்கத்திலே பிறந்த ஆண்டும் நாளும் அடங்கியிருக்கும். பெண்ணாயின் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டது. அடுத்து, சேவையாற்றிய ஒவ்வொரு பாடசாலைக்கும் உரிய இலக்கத்தைக் கேட்டது. 2008 செப்ரெம்பர் முதல் 2009 டிசெம்பர் வரையான காலத்துக்கு வந்தபோது கை நின்றது.

“தம்பி, கிளிநொச்சியால வெளிக்கிட்டுத் தருமபுரத்தில மரத்துக்குக் கீழ படிப்பிச்சம். பிறகு செட்டிகுளம் முகாமில தறப்பாளுக்குள்ள படிப்பிச்சம். அதை எந்தக் கட்டத்துக்க எழுதப் போறியள்?” என்று கேட்டார் அவர்.

மரத்துக்கு ஏது இலக்கம்? கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகவும் முடியவில்லை. குறித்த தினத்துக்குள் முடிக்க வேண்டுமென்று மேலிடத்துக் கட்டளை. இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தப் பதினாறு மாதங்களை நான் விட்டுவிட்டு, அதற்குப் பின்வந்த நியமனத்தைப் பதிந்தேன். பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

சில மாதங்களின் பின் அவருடைய தரவுயர்வு விண்ணப்பம் திரும்பி வந்தது. ‘சேவையில் இடைவெளி’ என்பது காரணம். இடைவெளியை உண்டாக்கியது யந்திரமன்று, என் விரல்கள்தாம். ஆனால் திருத்தும் அதிகாரம் அந்த விரல்களுக்கு இருக்கவில்லை. கந்தோரில், “கணினி அப்படித்தான் காட்டுகிறது” என்றார்கள். முன்பெல்லாம் ஓர் உத்தியோகத்தரோடு வாதாடலாம். இப்போது அவரும் திரையைச் சுட்டிக்காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்.

இடப்பெயர்வுகளிலெல்லாம் பொலித்தீன் பையொன்றில் காத்துவந்த நியமனக் கடிதத்தையும் சம்பளச் சீட்டுகளையும் அவர் கொண்டுவந்தார். உடன் படிப்பித்த நால்வர் சத்தியக் கடதாசி கொடுத்தனர். தொழிற்சங்கம் கடிதம் எழுதியது. எட்டு மாதங்களின் பின் பதிவு திருத்தப்பட்டது. எனினும் பழைய பாடசாலையின் இலக்கமே அங்கே இடப்பட்டுள்ளது. மரத்தடியும் முகாமும் இன்றும் பதிவில் இல்லை.

மென்பொருளுக்குத் தானாக எதுவும் தெரியாது. எவற்றைக் கேட்பது, எவற்றைக் கேளாது விடுவது என்று யாரோ ஒருவர் முன்னரே தீர்மானித்திருக்கிறார். அத்தீர்மானம் நடந்த இடத்தில் மரத்தடியிற் படிப்பித்த ஆசிரியை ஒருவரும் இருக்கவில்லை. பிரச்சினையின் வேர் அங்கேதான் உள்ளது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னைப் பற்றிய தரவைப் பார்க்கவும் திருத்தக் கோரவும் ஒருவருக்குள்ள உரிமையை எழுதி வைத்திருக்கிறது. ஏட்டில் எழுதிய உரிமை தானாக நடந்து நம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. சம்பளத்துக்காக 2021இல் ஒன்றுபட்டு நின்ற ஆசிரியர்கள், தம் பதிவைத் தம் மொழியிலே தாமே பார்க்கும் உரிமைக்காகவும் ஒன்றுபட வேண்டும்.

இப்போது நான் எவருடைய விபரத்தைப் பதிந்தாலும் அவரைப் பக்கத்தில் இருத்தி, வாசித்துக் காட்டிய பின்பே அடுத்த பக்கத்துக்குப் போகிறேன். வேலை தாமதமாகிறதென்று அதிபர் குறைப்படுகிறார். தாமதமாகட்டும்.