ஒளூ நீரில் ஒரு தோட்டம்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த நாம், தண்ணீரின் அருமையை அரபுப் பாலையில்தான் கற்றோம். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்று நீர், 1895 ஆம் ஆண்டு முதல் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே நம் பக்கம் திரும்பியது. நிறைந்தோடும் வாய்க்காலைக் கண்டு வளர்ந்த நமக்கு, நீரைக் குவளையால் அளக்கத் தெரியாது.

பிழைப்புக்காகக் கடல் கடந்தோம். தங்கிய அறையின் பின்புறம் வெறும் மணல். முதல் ஐப்பசியில், ஊர் வழக்கப்படி பார் கட்டி, அதன் உச்சியில் தக்காளி நாற்றுகளை ஊன்றி, தாராளமாக நீர் பாய்ச்சினோம். நீரை மணல் குடித்தது, பாரின் உச்சியில் உப்புப் பூத்தது, நாற்றுகள் கருகின.

மறு ஆண்டு பாத்தியைத் தரைமட்டத்திற்குக் கீழே தாழ்த்தினோம். காய்ந்த பேரீச்ச ஓலையால் மண்ணை மூடினோம். செடிகளின் நடுவே மண்பானையைக் கழுத்தளவு புதைத்து, ஒளூச் செய்த நீரை ஏந்தி வந்து ஊற்றினோம். வேருக்கு வேண்டிய அளவே கசிந்தது. அல்ஹம்து லில்லாஹ், மார்கழியில் கீரை கிள்ளினோம்; தையில் தக்காளி பறித்தோம்.

ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் விரயம் கூடாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. ஆற்றங்கரையில் ஓதிய அதன் பொருள் மணற்காட்டில்தான் விளங்கிற்று.

இன்று ஊர் திரும்பிய பின்னும் கொல்லையில் பானை புதைத்திருக்கிறோம். "ஆறு ஓடும் ஊரில் இது எதற்கு அத்தா?" என்று பிள்ளைகள் நகைக்கின்றனர். இந்த ஆறு நம்மோடு நின்றுவிடுவதில்லை. வைகையில் கலந்து மதுரைக்கும், அதற்கப்பால் வறண்ட இராமநாதபுரச் சீமைக்கும் செல்ல வேண்டியது. நாம் சிந்தும் குடம் அவர்களின் பங்கன்றோ?