யாருக்கு விடுதலை?

குழந்தைகளின் கேள்விகளை நாம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறோம். வானம் ஏன் நீலமாக இருக்கிறது, மீன் தூங்குமா, நிலா ஏன் நம் கூடவே வருகிறது என்பவை ஒரு வகை. இவற்றைக் கேட்டால் பெருமைப்படுகிறோம். பதில் தெரியாவிட்டால் போனில் தேடியாவது சொல்கிறோம். சொந்தக்காரர்கள் வந்தால் சொல்லிக் காட்டுகிறோம். இன்னொரு வகை, வீட்டைப் பற்றிய கேள்விகள். இவற்றுக்குப் பெரும்பாலும் நமக்குப் பதில் தெரியும், வாய்விட்டுச் சொல்லத்தான் முடியாது. அதனால் “அது அப்படித்தான்” என்போம். அதற்கும் அடங்காவிட்டால் “போய்ப் படி” என்போம்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இந்த இரண்டாவது வகையில் அவள் கேட்ட மூன்று கேள்விகளை இங்கே எழுதுகிறேன். அவள் கெட்டிக்காரி என்று காட்டுவதற்காக அல்ல. எல்லாக் குழந்தைகளும் இப்படித்தான் கேட்கிறார்கள். வீட்டில் நாம் பார்த்துப் பார்த்துப் பழகி, பார்க்காமலே இருக்கக் கற்றுக்கொண்டவற்றை அவர்கள் இன்னும் பார்க்கிறார்கள்.

முதல் கேள்வி நாலரை வயதில் வந்தது. “அம்மா, நீ ஏன் நின்னுக்கிட்டே சாப்பிடற?”

தோசை சுட்டுக்கொண்டே மேடை ஓரத்தில் தட்டை வைத்துப் பிய்த்துப் போட்டுக்கொள்வது எனக்கு வழக்கம். “தோசை சூடா இருந்தாத்தானே உங்களுக்கு நல்லாயிருக்கும்” என்றேன். “அப்ப உன் தோசை?” என்றாள். என் தோசை சட்டியின் அடியில் வழித்தெடுத்த கடைசி மாவில் சுட்டது, ஓரம் கிழிந்தது. என் அம்மாவின் தோசையும் அப்படித்தான் இருந்தது. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்த நாட்கள் விருந்துக்குப் போன நாட்கள் மட்டுமே.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை ஒன்றிய அரசு வெளியிட்டபோது, இந்தியாவில் வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுவதாகவும், அதே வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள் செலவிடுவதாகவும் சொன்னது. ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நிமிடம்தான் குறைவு. அந்த ஐந்து மணி நேரத்தில் எவ்வளவு நேரம் நின்றுகொண்டே கழிகிறது என்பதற்குக் கட்டம் ஏதும் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது தோசை நாட்களில் பாதி நாள் அடுப்பு என் கணவருடையது. மற்ற நாட்களில் எல்லாத் தோசையையும் சுட்டு ஹாட் பாக்ஸில் போட்டுவிட்டுச் சேர்ந்து உட்காருகிறோம். மொறுமொறுப்பு போய்விடும்தான். யாரும் இளைத்துப் போகவில்லை.

இரண்டாவது கேள்வி ஒன்றாம் வகுப்பு நோட்டுகளுக்கு அட்டை போட்டு லேபிள் ஒட்டிய நாளில் வந்தது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியும் போடச் சொன்னேன். “இது யார் எழுத்து?” “அப்பாவோடது.” “உன் எழுத்து எங்க?” என்னிடமும் என் எழுத்து இல்லை. கல்யாணத்துக்கு முன்பு என் அப்பாவின் எழுத்து இருந்தது. பிறகு ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகக் கணவரின் எழுத்துக்கு மாறியது. சான்றிதழ்களில் ஒரு பெண், பாஸ்புக்கில் இன்னொரு பெண். இருவரும் ஒருவரே என்று அஃபிடவிட் எழுதி நோட்டரியிடம் முத்திரை வாங்க அலைந்த பெண்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஓர் எழுத்துக்குப் பின்னால் ஒரு சட்டமும் நிற்கிறது. 1956இல் வந்த இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, குழந்தையின் இயற்கைக் காப்பாளர் தந்தை, அவருக்குப் பிறகு தாய் என்கிறது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் 1984இல் தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விண்ணப்பித்தார். தகப்பனின் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் தாய்தான் காப்பாளர் என்பதற்குச் சான்று வேண்டும் என்று வங்கி சொல்லிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1999இல் தீர்ப்பு வந்தது. “அவருக்குப் பிறகு” என்றால் அவர் இறந்த பிறகு என்று மட்டும் பொருள் இல்லை, அவர் அந்தப் பொறுப்பில் இல்லாத நிலையையும் அது குறிக்கும் என்றார்கள் நீதிபதிகள். ஒரு குழந்தை கேட்டிருந்தால் “பிறகுன்னா எப்ப?” என்று கேட்டிருக்கும். பெரியவர்கள் அந்தக் கேள்விக்கு வந்து சேர 43 வருடங்கள் ஆயின. சட்டத்தின் வரியில் அப்பாதான் இன்னும் முன்னால் நிற்கிறார். என் மகள் தன் நோட்டுகளில் இரண்டு எழுத்து போட்டுக்கொள்கிறாள். பள்ளிப் பதிவேட்டில் ஒன்றுதான் இருக்கிறது. அதை மாற்ற மனு கொடுத்திருக்கிறோம்.

மூன்றாவது கேள்விதான் எங்கள் குடும்பத்தை அசைத்தது.

அவளுக்கு ஏழு வயது அப்போது. என் அம்மாவின் பிறந்த ஊரில் அவருடைய தாத்தா காலத்து வீடு ஒன்று இருந்தது. விற்கலாம் என்று அம்மாவின் அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். வாரிசுச் சான்றிதழில் அம்மாவின் பெயரும் இருந்ததால், வாங்குகிறவரின் வக்கீல் அவர் கையெழுத்தையும் கேட்டார். மாமாக்கள் இருவரும் பழம், பூ வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். “ஒரு விடுதலைப் பத்திரம் போட்டுடலாம்மா. புதன்கிழமை ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்து. நாங்களே கார் அனுப்பறோம்” என்றார் பெரிய மாமா. அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தார்.

தரையில் படம் வரைந்துகொண்டிருந்த என் மகள் நிமிர்ந்தாள். “அம்மாச்சி, விடுதலைன்னா ஜெயில்ல இருந்து வெளிய விடறதுதானே? யாரை விடறாங்க?”

சின்ன மாமா சிரித்தார். யாரையும் விடவில்லை, அம்மாச்சி தனக்குப் பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிற காகிதம் அது என்று நான் சொன்னேன். “அப்ப யாருக்கு விடுதலை?” என்றாள் மறுபடியும்.

பத்திரம் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருப்பார்கள். சொத்து ஒரு பங்குதாரரின் பாத்தியத்திலிருந்து விடுபடுகிறது, அதனால் அது விடுதலைப் பத்திரம். அந்தக் கணக்கில் பார்த்தால் விடுதலை வீட்டுக்குத்தான். அந்த வீடு என் அம்மாவிடமிருந்து விடுதலை பெறுகிறது.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டுகள் கழித்து, 1989இல், பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் பங்கு உண்டு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆன பெண்களை அது சேர்க்கவில்லை. என் அம்மாவின் கல்யாணம் 1982இல் நடந்தது. 2005இல் வந்த ஒன்றியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. இத்தனை நடந்தும், ஒரு கையெழுத்தில் எல்லாம் 1929க்கு முன்னால் போய்விடும். அதற்குப் பெண்ணை யாரும் மிரட்ட வேண்டியதில்லை. பழமும் பூவும் போதும். பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமோ என்ற பயம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒரு வாரம் கழிச்சுச் சொல்றேண்ணே” என்றார். தன் அண்ணனிடம் அவர் அவகாசம் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் முறை. ஒரு வாரம் கழித்து மூன்றில் ஒரு பங்கு கேட்டார். கல்யாணத்துக்கு நகை போட்டதையும் மூன்று பிரசவங்களுக்குச் சீர் செய்ததையும் மாமாக்கள் நினைவூட்டினார்கள். “கணக்கு எழுதிக்கிட்டு வாங்கண்ணே, கழிச்சுக்கலாம். நான் அப்பாவைப் படுக்கையில வச்சுப் பார்த்த பதினோரு மாசத்தையும் நீங்களே ஒரு விலை போட்டு எழுதிடுங்க” என்றார் அம்மா. கணக்கு வரவில்லை. வக்கீல்கள் பேசி, விலையில் மூன்றில் ஒன்றைவிடக் கொஞ்சம் குறைவாக ஒரு தொகை அம்மாவின் பெயரில் வந்தது. 62 வயதில், வேறு யார் பெயரும் சேராத கணக்கு ஒன்றை அவர் வங்கியில் தொடங்கினார்.

இது வெற்றிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வரிசை வரவில்லை. நாற்பது வருடங்களாக ஒருமுறையும் தவறாத கரும்பும் மஞ்சள் கொத்தும் அந்த வருடம் வரவில்லை. அம்மா வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். பெரிய மாமா இன்றுவரை போன் எடுப்பதில்லை. உரிமையை வாங்கிய பெண்ணிடம் உறவு இப்படித்தான் வசூல் செய்கிறது. குழந்தையின் கேள்விக்கு உண்மையான பதில் சொல்லப் புறப்பட்டால் இந்த வசூலுக்கும் தயாராக இருக்க வேண்டும். பல வீடுகளில் கேள்வியை முளையிலேயே கிள்ளிவிடுவதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அங்கே பதில் எல்லோருக்கும் தெரியும். அதன் விலையும் தெரியும்.

கிள்ளுவதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. ஆறு வயதுப் பையன் கேள்வி கேட்டால் “வக்கீலா வருவான்” என்கிறார்கள். அதே வயதுப் பெண் கேட்டால் “வாயாடி” என்கிறார்கள். பத்து வயதானால் “எதிர்த்துப் பேசாதே” என்கிறார்கள். வயதுக்கு வந்துவிட்டால் அதையும் சொல்ல வேண்டியிருக்காது, ஒரு பார்வை போதும். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்று தன் புத்தகத்துக்குப் பெரியார் வைத்த பெயரே ஒரு கேள்விதான். ஐந்து வயதில் நம் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அந்தக் கேள்வியைத் துண்டு துண்டாகக் கேட்கிறார்கள். பதினைந்து வயதில் எத்தனை பேரிடம் அது மிச்சம் இருக்கிறது?

என் மகளும் இப்போது குறைவாகத்தான் கேட்கிறாள். பள்ளியில் குறுக்கே பேசக் கூடாது என்று கற்றுவிட்டாள். கேட்பதற்கு முன் என் முகத்தைப் பார்க்கிறாள். அந்தப் பார்வைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்கலாமா என்று யோசிப்பது, கேட்காமல் இருப்பதற்கு முந்தைய படி. அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் “அது அப்படித்தான்” என்பதற்குப் பதிலாக மூன்று பதில்கள் இருக்கின்றன. “அது சரியில்லை.” “மாத்த முடியுமான்னு பாக்கலாம்.” “உடனே மாத்த முடியாது, ஏன்னா…” மூன்றாவதைத்தான் அதிகம் சொல்கிறேன். அதற்குப் பின்னால் வரும் காரணத்தை மறைக்காமல் சொல்லும்போது, அது எவ்வளவு நோஞ்சான் காரணம் என்பது என் காதிலேயே விழுகிறது.

போன மாதம் அம்மாச்சியின் மடியில் படுத்துக்கொண்டு கேட்டாள்: “நீங்க கையெழுத்துப் போடலைன்னு மாமா தாத்தா கோவமா இருக்காரு. போட்டிருந்தா நீங்க கோவமா இருந்திருப்பீங்களா?”

“இருந்திருப்பேன்” என்றார் அம்மா. “ஆனா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”